ஹாலில் பாட்டுக் கேட்க எந்த செட்? அசெம்பிள்டு ஆம்ப், குட்டி டி-கிளாஸ், இன்டக்ரேட்டட், ஆக்டிவ் ஸ்பீக்கர்: ஓர் ஒப்பீடு

கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "எத்தனை வாட் வேணும் சார்?" அறையின் அளவும் ஸ்பீக்கரின் குணமும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச) வாட்டைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரும் சக்தி), எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சதவீதச் சிதைவில் (ஒலி எவ்வளவு கெடுகிறது) என்ற மூன்றும் சேர்ந்து எழுதியிருந்தால்தான் அது எண்.

இன்று வீட்டுக்கு ஸ்டீரியோ செட் போடுபவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி அசெம்பிள் செய்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அதனுடன் தனி ஸ்பீக்கர். அதிவேக ஸ்விட்ச் முறையில் ஓடும், கைக்குள் அடங்கும் டி-கிளாஸ் ஆம்ப், அதனுடன் தனி ஸ்பீக்கர். இன்புட், வால்யூம், ஆம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள கம்பெனி இன்டக்ரேட்டட் ஆம்ப், தனி ஸ்பீக்கர். கடைசியாக, ஆம்பை வயிற்றிலேயே வைத்திருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர். ஒலித் தரத்தை வைத்து இவற்றை வரிசைப்படுத்துவது வழக்கம். ஆனால் சரியாகப் பொருத்திவிட்டால் நான்குமே நன்றாகப் பாடும். பொருத்தம் எங்கே பிசகும், பழுது வந்தால் எந்தத் துண்டைக் கழற்றி எங்கே கொண்டுபோகலாம் என்பதில்தான் நான்கும் பிரிகின்றன. இங்கே எடை போடுவது அந்தத் தராசில்தான்.

அறையும் ஸ்பீக்கரும் முதலில்

நம் ஊர் வீடுகளில் 10 அடிக்கு 12 அடி அறை சாதாரணம். தளத்தின் உயரமும் பெரும்பாலும் 10 அடியை ஒட்டித்தான். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி அலை நின்று முழங்கும் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 10 அடி என்பது 3.05 மீட்டர், ஆக முழக்கம் 57 ஹெர்ட்ஸ் அருகே. அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்றால் இரண்டு முழக்கமும் அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். 12 அடி நீளம் 48 ஹெர்ட்ஸில் தன் பங்கைப் போடும். தவில், பேஸ் கிட்டார் எது வந்தாலும் ஒரே "டும்" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். ஆம்பை மாற்றினால் போகாது.

எனவே இந்த அளவு அறைக்கு 5 அல்லது 6.5 அங்குல ஊஃபர் (பாஸ் தரும் கூம்பு) உள்ள சிறிய புக்‌ஷெல்ஃப் பெட்டியே போதும். 8 அங்குல ஊஃபர் இரண்டு வைத்த தூண் பெட்டி இங்கே கூடுதல் பாஸைத் தராது, கூடுதல் முழக்கத்தைத்தான் தரும். பின்பக்கம் துளை உள்ள பெட்டி என்றால் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஷோகேஸுக்குள் திணிப்பதும் மூலையில் முட்டுக் கொடுப்பதும் பாஸைக் கொழகொழவென்று ஆக்கும். வேறு இடமே இல்லையென்றால் துளைக்குள் சுருட்டிய ஸ்பாஞ்சை அடைத்துப் பார்க்கலாம். முழக்கம் கணிசமாக அடங்கும். டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளம் விரிப்பது, அதே காசில் வாங்கும் எந்த "ஆடியோஃபைல்" ஒயரையும்விட அதிக வேலை செய்யும்.

இனி வாட் கணக்கு. ஸ்பீக்கர் தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும்: 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் என்பது. 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். சாதாரண புக்‌ஷெல்ஃப் பெட்டி 86 டெசிபல் தரும். நாற்காலி 3 மீட்டர் தள்ளி இருந்தால் அறையின் எதிரொலியையும் சேர்த்து ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட்டில் காதுக்கு 83 டெசிபல். சராசரி 75 டெசிபலில் பாட்டு ஓடினால் வீட்டார் கொஞ்சம் முறைக்கும் அளவு. மிருதங்கத் தட்டும் டிரம் அடியும் அதற்கு மேல் 20 டெசிபல் எகிறும், அதாவது 95. 83-லிருந்து 95-க்கு 12 டெசிபல். வாட்டில் 16 மடங்கு. ஆளுக்கு 16 வாட் போதும்! கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டால் 40, 50 வாட்.

இதே கணக்கில் 90 டெசிபல் பெட்டிக்கு 6 வாட்டே போதும், 82 டெசிபல் பெட்டிக்கு 40 வாட் வேண்டும். பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ குட்டி மானிட்டர் 83-ஐ ஒட்டி இருக்கும்; கிளிப்ஷ் கம்பெனியின் மூலைப் பெட்டியான கிளிப்ஷ்ஹார்ன் 105. இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர முன்னதற்கு 150 மடங்குக்கு மேல் வாட் கொடுக்க வேண்டும். ஆம்ப் வாட்டை ஸ்பீக்கரைப் பார்க்காமல் பேசுவது எவ்வளவு வெட்டிப் பேச்சு என்பது இதிலேயே தெரியும்.

4 ஓம் பெட்டியின் எண்ணில் ஒரு தந்திரம் உண்டு. 2.83 வோல்ட் அதில் 2 வாட் ஆகிவிடும். 86 என்று போட்டிருந்தால் வாட் கணக்கில் அது 83தான். ஓம் விஷயத்திலும் லேபிளை முழுதாக நம்ப வேண்டாம். சர்வதேச விதிப்படி, 8 ஓம் என்று எழுதினால் எந்த அதிர்வெண்ணிலும் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. 4 ஓம் வரை இறங்கும் "8 ஓம்" பெட்டிகள் தாராளமாக விற்கின்றன. கடையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.5. இது டி.சி. தடை மட்டுமே, லேபிள் முழுப் பொய்யா என்று பார்க்க உதவும்.

அசெம்பிள்டு ஆம்ப்: மலிவு, ஆனால் கை நேர்த்தி வேண்டும்

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் 4440 போர்டிலிருந்து தொடங்குவோம். எல்.ஏ.4440 என்பது கார் ஸ்டீரியோவுக்காக வந்த ஐசி. அதன் தாளில் உள்ளது 13.2 வோல்ட்டில், 4 ஓமில், பக்கத்துக்கு 6 வாட். இரண்டு பக்கத்தையும் பிரிட்ஜ் போட்டு ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 19. அதுவும் 10 சதவீதச் சிதைவில். 8 ஓம் பெட்டியில் அதில் ஏறக்குறைய பாதி. "100 வாட் போர்டு" என்று விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலையில் பக்திப் பாட்டு, இரவில் செய்தி என்றால் இதுவே தாராளம். மேலே சொன்ன 95 டெசிபல் உச்சத்துக்கு ஆகாது.

அசெம்பிளில் நல்ல பொருத்தம் வேண்டுபவருக்கு டி.டி.ஏ.7294 போர்டு. இங்கே டிரான்ஸ்ஃபார்மரை ஸ்பீக்கருக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட்), ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் ஏறக்குறைய பிளஸ் மைனஸ் 33 வோல்ட் தரும். 8 ஓம் பெட்டிக்கு அது சரி. பக்கத்துக்கு 60 வாட் எதிர்பார்க்கலாம். 4 ஓம் பெட்டியைப் போட்டால் ஐசி கொதித்து, உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு அணைத்து அணைத்து எழுப்பும். 4 ஓமுக்கு 18-0-18 போதும், பிளஸ் மைனஸ் 25 வோல்ட் கிடைக்கும். இரண்டு சேனலுக்கும் சேர்த்து 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர். 24-0-24-க்கு அந்தக் கண்டென்சர் 50 வோல்ட்டாவது தாங்க வேண்டும். 35 வோல்ட் கண்டென்சர் போட்டால் மின்சாரம் 250-க்கு ஏறும் இரவில் வெடிக்கும்.

இந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா தாளும் திருகுக்கு பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் ஹீட் சிங்கில் முடுக்கினால் ஹீட் சிங்க் முழுக்க மைனஸ் 33 வோல்ட் நிற்கும். அது பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போகும், ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

டிரான்சிஸ்டர் வைத்த பெரிய போர்டுகளில் பெரும்பாலும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி இருக்கும். இவற்றில் போலி கொட்டிக் கிடக்கிறது. சான்யோவின் எஸ்.டி.கே. ஐசிகளுக்கும் அதே கதி. கடைக்குக் கடை விலை மூன்றில் ஒன்றாக இறங்கினால் காரணம் தள்ளுபடியாக இருக்காது.

அசெம்பிளுக்கு எதிரான பெரிய வாதம் ஒலியைப் பற்றியது கிடையாது. அவுட்புட் ஐசி ஷார்ட் ஆனால் 33 வோல்ட் டி.சி. நேராக ஊஃபருக்குப் போகும். 6 ஓம் சுருளில் அது 180 வாட் சூடு. சில வினாடிகளில் சுருள் கருகும். ஆகவே டி.சி. வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொட்டெக்‌ஷன் போர்டு இல்லாத அசெம்பிள்டு ஆம்பில் நல்ல ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. புதிதாக முடித்த ஆம்பை முதல் முறை போடும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துப் போடுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். இன்றும் அதைவிடச் சிறந்த வழி இல்லை. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நலம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேட வேண்டும். பிறகு ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50-க்குக் கீழே என்றால் மாட்டலாம். 100-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு.

பதிலுக்கு இந்த வழியில் கிடைப்பது பெரிது: எந்த உறுப்பு போனாலும் உள்ளூரிலேயே மாற்றலாம், பத்து வருடம் கழித்தும்.

குட்டி டி-கிளாஸ்: அடாப்டரைப் பார்த்து வாங்குங்கள்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3255 சிப் வைத்த குட்டி ஆம்ப்கள் இன்று ஆன்லைனில் நிறைய. விளம்பரத்தில் 300 வாட் என்று இருக்கும். சிப்பின் தாளில் 315 வாட் உண்மைதான்: 4 ஓமில், 10 சதவீதச் சிதைவில், 50 வோல்ட்டைத் தாண்டிய சப்ளையில். பெட்டிக்குள் வருவதோ பெரும்பாலும் 32 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். இந்த ஆம்ப்கள் ஸ்பீக்கரின் இரு முனையையும் எதிரெதிராக ஓட்டும் பிரிட்ஜ் முறையில் ஓடுவதால், சப்ளை வோல்ட்டை 1.41-ஆல் வகுத்து, வருவதை வர்க்கமாக்கி, ஓமால் வகுத்தால் உச்ச வாட் வந்துவிடும். 32 வோல்ட்டில் 8 ஓமுக்கு 64 வாட். 24 வோல்ட் அடாப்டர் என்றால் 36. 4 ஓமில் 128 என்று கணக்கு சொன்னாலும், அடாப்டர் மொத்தமே 160 வாட்தான் கொடுக்கும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.

36 வாட் குறைவா? மேலே போட்ட கணக்கின்படி 86 டெசிபல் பெட்டிக்கு அதுவே இரண்டு மடங்கு. காசுக்குக் கிடைக்கும் வாட்டில் இந்த வழியை எதுவும் மிஞ்சாது. பொருத்தத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. பிரிட்ஜ் முறை என்பதால் கறுப்பு முனையிலும் உயிர் உண்டு. இடது, வலது கறுப்பு முனைகளை ஒன்றாக இணைக்கவோ எர்த்தில் தொடவிடவோ கூடாது. பழைய சப்ஊஃபரின் ஸ்பீக்கர்-லெவல் இன்புட்டில் கறுப்பு இரண்டும் உள்ளே பொதுவாக இருந்தால் அதை இதில் மாட்டினால் ஆம்ப் போய்விடும். மலிவான வடிவமைப்புகளில் அவுட்புட் சுருளுக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் (பிழையைத் திருத்தத் திருப்பி அனுப்பும் சிக்னல்) எடுப்பதில்லை. அப்படிப்பட்டவற்றில் ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து மேல் அதிர்வெண் ஒலி சற்றுத் தூக்கும் அல்லது அமுங்கும். ஒரே ஆம்ப் ஒரு வீட்டில் "கூர்மை"யாகவும் இன்னொரு வீட்டில் "மந்த"மாகவும் இருப்பதாகச் சொல்லப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு பின் அடாப்டரில் ஓடும்போது ஆம்பின் உலோக உடலைப் புறங்கையால் வருடினால் சுருக்கென்று இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கண்டென்சர் வழியாகக் கசிவது அது. தரமான அடாப்டரில் ஆபத்தில்லாத அளவுதான், ஆனாலும் எர்த் உள்ள டி.வி.யோடு ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளை முனை உள்ள) ஆடியோ ஒயரைச் செருகும் முன் இரண்டையும் அணைத்துவிடுவது நல்லது.

பழுது பார்ப்பதில் இந்த வழி பாதிக் கிணறு. அடாப்டர் போனால் அதே வோல்ட், அதே ஆம்பியரில் வேறு வாங்கலாம். போவதும் பெரும்பாலும் அதுதான். சிப் போனால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்டக்ரேட்டட் ஆம்ப்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் இதன் சிறப்பு. உதாரணத்துக்கு யமஹா ஏ-எஸ்301: 8 ஓமில் பக்கத்துக்கு 60 வாட், ரெக்கார்டு பிளேயருக்கான எம்.எம். (அசையும் காந்தக் கார்ட்ரிட்ஜ்) ஃபோனோ இன்புட், டி.வி.க்கு ஆப்டிகல் (ஒளி வழி) இன்புட், சப்ஊஃபர் அவுட், உள்ளேயே புரொட்டெக்‌ஷன். அசெம்பிளிலும் குட்டி ஆம்பிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியவை இங்கே ஒரே பெட்டியில். ரெக்கார்டு பிளேயர் உள்ளவருக்கு இந்த வழிதான் குறைந்த தலைவலி. எம்.எம். கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட்டுக்குள், சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். ஃபோனோ பகுதி இல்லாத ஆம்பில் ரெக்கார்டு பிளேயரை நேராகச் செருகினால் கொசு பாடுவது போல் கேட்கும், பாஸும் இருக்காது.

பொருத்தத்தில் இங்கேயும் ஒரு சின்னப் பிசகு வரும். பல ஆம்ப்கள் 200 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சத்தத்தை எட்டுபவை. 2 வோல்ட் தரும் டி.ஏ.சி.யை (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி) செருகினால் வால்யூம் குமிழை ஓர் அங்குலம்கூடத் திருப்ப முடியாது. குமிழின் அந்த அடிப்பகுதியில் இடதும் வலதும் சமமாக நகராது. பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பார். டி.ஏ.சி.யின் சொந்த வால்யூமைக் குறைத்து, ஆம்ப் குமிழைக் கடிகாரத்தின் 10, 11 மணி நிலைக்குக் கொண்டுவந்தால் சரியாகும்.

பழைய செட்டுகளும் இந்த இனம்தான். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட். சவுதியிலிருந்து அந்தக் காலத்தில் வந்தவற்றில் 127 வோல்ட்டுக்கு வைத்தவையும் உண்டு. பின்னால் வோல்டேஜ் திருப்பி எதில் நிற்கிறது என்று பார்க்காமல் 230-ல் செருகினால் கதை அங்கேயே முடிந்தது.

ஆக்டிவ் ஸ்பீக்கர்

பொருத்தும் வேலையைக் கம்பெனியே முடித்துவிடுகிறது. ஓம், வாட், சென்சிட்டிவிட்டி எதையும் பார்க்க வேண்டாம். ஊஃபருக்கு ஒன்று, கீச்சு ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒன்று என்று தனி ஆம்ப் இருப்பதால் சின்னப் பெட்டியிலும் பாஸை நேர்த்தியாக வரவழைக்கலாம். முதல் முறை வாங்குபவருக்கு, அதிலும் டி.வி.க்கும் ஃபோனுக்கும் மட்டும் என்றால், இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

குறை இரண்டு. ஸ்டுடியோ மானிட்டர் வகையில் அமைதியான இரவில் "ஸ்ஸ்" இரைச்சல் கேட்கும்; உள்ளே ஆம்பின் பெருக்கம் எப்போதும் முழுதாக நிற்பதுதான் காரணம். பின்னால் உள்ள கெயின் குமிழைக் குறைத்து, ஃபோனிலோ டி.ஏ.சி.யிலோ சத்தத்தைக் கூட்டி வைத்தால் இரைச்சல் தணியும். பாட்டு மெல்ல ஓடும்போது தானாகத் தூங்கிவிடும் ஆட்டோ ஸ்டாண்ட்பையை அணைக்க ஸ்விட்ச் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இரண்டாவது குறை பெரியது. போர்டு போனால் ஸ்பீக்கரே பிணம். அதன் உதிரி வேறெங்கும் கிடைக்காது. பெட்டியையே சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். வாரண்டி முடிந்த ஐந்தாம் வருடத்தைக் கணக்கில் வைத்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோளாறு வரும்போது நான்கும் எப்படி நடந்துகொள்ளும்

ஒரு பக்கம் பாடவில்லை என்று வைத்துக்கொள்வோம். செட்டை அணைத்துவிட்டு ஆம்பின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் அதே ஸ்பீக்கரோடு நின்றால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ காரணம். ஊமைத்தனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் ஒயரைப் பழையபடி வைத்துவிட்டு ஆர்.சி.ஏ. ஒயரை மாற்றிச் செருகுங்கள். அதற்கும் தாவினால் பாட்டு வரும் கருவி அல்லது அந்த ஆர்.சி.ஏ. ஒயர், தாவாவிட்டால் ஆம்ப். ஐந்து நிமிடத்தில் குற்றவாளி பிடிபடும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் முதல் மாற்றலுக்கு வழியில்லை, ஆர்.சி.ஏ.யை மட்டும் மாற்றலாம். ஊமையாக இருப்பது ஆம்பா, ஊஃபரா என்பதைப் பெட்டியைத் திறக்காமல் சொல்ல முடியாது.

"ம்ம்" என்ற ஹம் இரைச்சல் வந்தால் முதலில் வால்யூமைச் சுழியத்துக்கு இறக்குங்கள். அப்போதும் அதே அளவில் நின்றால் ஆம்புக்குள்ளேயே: கண்டென்சர் வறண்டது, அல்லது அசெம்பிளில் கிரவுண்டு ஒயர் போட்ட விதம் தவறு. அசெம்பிளில் ஸ்பீக்கர் கிரவுண்டும், சப்ளை கண்டென்சர்களின் நடு முனையும், பாடி எர்த்தும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். வால்யூமுக்குப் போகும் ஷீல்டு ஒயரின் உறையை ஒரு முனையில் மட்டும் இணைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இணைத்தால் அதுவே ஹம் பிடிக்கும் வளையம். வால்யூமோடு ஏறி இறங்கும் ஹம் வெளியிலிருந்து வருகிறது. எல்லா ஆர்.சி.ஏ.யையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் செட்டாப் பாக்ஸில் கேபிள் டி.வி. ஒயரைச் செருகும்போது கிளம்பும், அல்லது மூன்று பின் சார்ஜர் மாட்டிய லேப்டாப்பில். லேப்டாப்பை பேட்டரியில் ஓட விட்டால் ஹம் நின்றுவிடும், அதுவே சான்று.

இதற்கு ஆப்டிகல் ஒயர் போட்டால் போதும். ஒளியில் எர்த் ஓடாது. ஆப்டிகல் இல்லாத குட்டி ஆம்ப், அசெம்பிள்டு இரண்டுக்கும் எர்த்தைப் பிரிக்கும் ஆர்.சி.ஏ. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் போர்டில் செருகுவதும் உதவும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்பவர்களை மட்டும் நம்பவே கூடாது. ஹம்மோடு சேர்த்து உயிருக்கான காப்பும் போய்விடும். வீட்டு எர்த்தே சரியில்லாமலும் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்தால் லைனுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் 110, 120 என்று மிதந்தால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "கர்ர்" என்றால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அசெம்பிள்டும் இன்டக்ரேட்டடும் இதில் அதிகம் முனகும், சூடும் ஆகும். அடாப்டரில் ஓடும் குட்டி ஆம்ப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில், சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லையென்றால், டி-கிளாஸ் பக்கம் சாய இதுவே போதுமான காரணம்.

பாஸ் திடீரென்று மெலிந்து, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்தால் ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். பெட்டிக்குள்ளேயே மாறியிருக்கிறதா என்று பார்க்க, ஆம்பிலிருந்து கழற்றிய ஒயரில் 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஊஃபர் இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் அசைய வேண்டும். வழக்கமாக வெளியே தள்ளும். ட்வீட்டர் "டிக்" என்று மட்டும் சொல்லும், முன்னால் கண்டென்சர் இருப்பதால். ஆக்டிவ் ஸ்பீக்கரில் இதைச் செய்யக் கூடாது.

சத்தம் கூட்டினால் ரிலே "டக்" என்று விழுகிறதா? ஸ்பீக்கர் முனையில் ஒயர் நூலிழை ஒன்று பக்கத்து முனையைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல சமயம் அதுதான். ஏ, பி என்று இரண்டு ஜோடி 8 ஓம் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம். அதுவும் ரிலேயை விழவைக்கும். ஒயரைப் பொறுத்தவரை எலெக்ட்ரிக் கடையின் 1.5 சதுர மி.மீ. செம்பு நெகிழ் ஒயர் 5 மீட்டருக்குப் போதும்; போகவர 10 மீட்டரில் 0.13 ஓம்தான். "ஸ்பீக்கர் ஒயர்" என்று செம்பு பூசிய அலுமினியத்தை விற்கிறார்கள். வெட்டிய முனை வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். முறுக்கினால் ஒடியும், தடையும் அதிகம்.

குமிழைத் திருப்பினால் கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சி இருபது முறை முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது, தூசியைப் பிசினாக்கிவிடும். கடலோர ஊர்களில் ஆர்.சி.ஏ. முனைகளிலும் இதே தொல்லை வரும்.

காற்றுத் துளை பெரிதாக உள்ள ஆம்ப் எதுவானாலும் பல்லி உள்ளே போகும். சூடான டிரான்ஸ்ஃபார்மர் அருகே முட்டை வைக்கும். ஒருநாள் சப்ளை முனைகளுக்குக் குறுக்கே விழுந்து தானும் செத்து ஃபியூஸையும் கொல்லும். உள்பக்கம் கொசுவலைக் கம்பி ஒட்டினால் காற்றும் போகும், பல்லியும் நுழையாது. அசெம்பிளில் இதை இஷ்டம்போல் செய்யலாம். கம்பெனி ஆம்பில் வாரண்டி முடியும் வரை ஓரமாக ஒரு பல்லி விரட்டிதான்.

வீட்டில் பழைய பெட்டிகள் கிடந்தால் புதிது வாங்கும் முன் கிரில்லைக் கழற்றி ஊஃபர் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். ரப்பர் என்றால் பிழைத்திருக்கும். ஃபோம் என்றால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் வெல்லப்பாகு போல ஒட்டி உதிரும். கூம்பும் சுருளும் நன்றாக இருந்தால் ஓரத்தை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், 6.5, 8 அங்குல அளவுகளுக்கு ஓரம் எளிதில் கிடைக்கும். மாற்றி வந்ததும் கூம்பை இரண்டு கட்டைவிரலால் சமமாக மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் நடுவில் உட்காரவில்லை. பசை இறுகும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.